நாயுடு கேட்ட புலி

வேலூர் லாங் பஜாரில் ஓர் அரிசிக் கடைக்கு மேல் மாடி. நான் கதையின் மூன்றாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நாயுடு எழுந்து, ஜன்னல் வழியாக எட்டி, வெற்றிலைச் சாற்றைத் தெருவில் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கதை பேஷா இருக்குய்யா. மூணாவது பாகத்துல ஒரு புலி போட்டுடும்.”

என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் டாக்கி விமர்சனம் அதுதான்.

கீழே தெருவில் யாரோ நாயுடுவின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தார். சாறு எங்கே விழுந்தது என்பது அதிலிருந்து தெரிந்தது. எனக்கு அதுவும் கவலையாகிவிட்டது. அந்த ஆள் மாடி ஏறி வந்தால், துப்பினவன் நான் என்று நினைத்துக்கொண்டால்?

“புலிங்களா?” என்றேன்.

“புலிதான். உயிரோட.”

“எதுக்குங்க?”

“அந்த எடம் ஒரு புலி கேக்குதுய்யா. எனக்குக் கேக்குது, உமக்குக் கேக்கலையா?”

எனக்குத் தெருவில் திட்டுவது மட்டும்தான் கேட்டது.

நாயுடு, மெட்ராஸில் டாக்கி என்கிற பேசும்படம் எடுக்கும் கம்பெனி ஒன்றுக்குக் கதை பிடித்துத் தரும் ஏஜெண்டு. வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றமாட்டார். எங்கள் தோல் மண்டி ஆட்கள் போட்ட ஒரு நாடகத்தை வேலூரில் பார்த்துவிட்டு, எழுதினவன் யார் என்று விசாரித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். டாக்கிக்கென்று எழுதுகிற கதைக்கு அவர் ‘சினாரியோ’ என்று பெயர் சொன்னார். எனக்கு அது ஏதோ விஷக்காய்ச்சலின் பெயர் மாதிரி பட்டது.

“பெங்களூர் போறேன். பத்து நாள்ல திரும்புவேன். புலியைப் போட்டு வையும். சரியா வந்துதுன்னா கையோட மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்பெனியில கதை எழுதற வேலை. வரலைன்னா நீர் உம்ம தோலைப் பாரும்.”

ஆம்பூர் திரும்புகிற ரயிலில் நான் புலியைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

அஞ்சாங் கிளாஸும் வயிற்று வலியும்

நான் படித்தவன் இல்லை என்பதை இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்கள் என் வாக்கியங்களிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று செய்தி வந்த அன்று எனக்கு ஒரு வயிற்று வலி வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து போனார். வலி போகவில்லை. அவர் மறுபடி வரமாட்டார் என்று என்ன நிச்சயம்? கடைசியில் என் தகப்பனார் என்னைத் தோல் மண்டிக்கு இழுத்துப் போனார். வயிற்று வலி நின்றது. படிப்பும் நின்றது.

மண்டியில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை விரித்து, தடவி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, எங்கே குறை என்று பார்க்க வேண்டும். கவலைப்படுகிறவனுக்கென்றே ஏற்பட்ட தொழில். நல்ல தோலில்கூட எனக்குச் சந்தேகம் வரும். முதலாளிக்கு அது பிடித்திருந்தது.

நாடகம் என்பது மண்டியில் மாலை வேளைப் பைத்தியம். எங்கள் ராஜா பகலில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவர். ராணியாக வருகிறவர் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவர். ஆம்பூரில் ஆடினால் கொட்டகை நிறைந்து வழியும். வேலூரில் ஆடியபோது, ராஜா மேடைக்கு வந்ததும் முதல் இரண்டு வரிசை மெல்ல எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தது. எங்களுக்குக் காரணமே விளங்கவில்லை. ராஜாவின் நடிப்பில் குறை என்று நினைத்து, அவரை மூன்று நாள் ஒத்திகையில் வாட்டினோம்.

எங்கள் வாசனை எங்களுக்குத் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முபாரக்

புலி விஷயத்தை நான் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன். அந்த ஓர் ஆள் கரீம் பாய்.

கரீம் பாய் என் தோஸ்த். பதனிடாத பச்சைத் தோலுக்குத் தரகர். காலையில் பேரணாம்பட்டில் விழுந்த மாட்டின் செய்தி மத்தியானத்துக்குள் வாலாஜாபேட்டைக்குப் போய்ச் சேருகிறதென்றால் நடுவில் கரீம் பாய் இருக்கிறார் என்று அர்த்தம்.

மறுநாள் காலை மண்டிக்குள் நுழைந்தேன். முதலாளி சாயபு எழுந்து வந்து என் கழுத்தில் ரோஜா மாலையைப் போட்டார்.

“முபாரக், முனிரத்தினம்! டாக்கிக்குப் போறியாமே! நம்ம மண்டிக்கே பெருமை.”

நான் வாயைத் திறந்தேன். ‘இன்னும் நிச்சயமாகவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். மாலையில் இருந்த எறும்பு ஒன்று காதுக்குள் போய்விடுமோ என்ற கவலையில் அந்தச் சந்தர்ப்பம் நழுவிவிட்டது.

என் முக்காலியில் பேரணாம்பட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து தோலைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

“உங்க எடம்தான்ணா. ஒங்க புண்ணியம், எனக்கு வேலை கெடச்சுது. புள்ளகுட்டிக்காரன்.”

அவரை எழுப்பி அனுப்புவதற்கு எனக்கு வேறு மனசு வேண்டும். ஆக, புலியால் மெட்ராஸ் போகவேண்டும், அல்லது வேலையில்லாமல் வீட்டில் உட்காரவேண்டும்.

“இன்னா பாய் இப்படிப் பண்ணிட்ட?” என்று கரீம் பாயைப் பிடித்துக்கொண்டேன்.

“அரே, நல்ல விஷயத்த நாலு பேருக்குச் சொன்னேன். தப்பா?”

“வேல போச்சே பாய்!”

“போனாத்தான்பா ஒழுங்கா எழுதுவ. திரும்பிப் போறதுக்கு எடம் இருந்தா நீ கெளம்புவியா? ஒன்னய எனக்குத் தெரியாது?”

ஆளுக்கொரு மருந்து

கதையை இப்போது சொல்லியாக வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பொன்மணி என்று ஒரு பெண். புருஷன் ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போகிறான். வருஷங்கள் ஓடுகின்றன. கப்பல் முழுகிவிட்டது, அவன் செத்தான் என்று புரளி கிளப்பிவிட்டு, அவளுடைய முறைமாமன் அவளைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். இது முதல் இரண்டு பாகம். மூன்றாம் பாகத்தில் புருஷன் திரும்பி வருகிறான். பெண்டாட்டி பத்தினியாக இருக்கிறாளா என்று சோதிக்க, தாடி ஜடையோடு பரதேசி வேஷத்தில் அவள் வீட்டிலேயே வந்து தங்குகிறான். ஆறு பாட்டுப் பாடுகிறான். அவள் பத்தினிதான் என்று தெரிந்ததும் தாடியைக் கழற்றுகிறான். அவள் காலில் விழுகிறாள். மங்களம்.

இதில் எங்கே புலியைக் கட்டுவது? பொன்மணி வீட்டில் ஒரு கூடம், ஓர் அடுப்பங்கரை, ஒரு கிணறு. இவ்வளவுதான்.

குழம்பிப்போய், மூன்று பேரிடம் கதையைப் படித்துக் காட்டினேன்.

முதலில் கரீம் பாய். மண்டிப் பின்கட்டில் பட்டை மூட்டைமேல் சாய்ந்து கேட்டார். “கதை ஜோர். மூணாவது பாகத்துல ஒரு கத்திச் சண்ட வெச்சுடு. பரதேசி கத்தியச் சொழட்டினா கொட்டக பிச்சுக்கும்.”

அடுத்து மிஷன் பள்ளிக்கூடத்து ஞானமுத்து வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பாட்டு கொஞ்சம் அதிகம் தம்பி. பின்பாதியில் நாலு பாட்டைக் குறைத்துவிட்டு, நல்லொழுக்கம் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தால் ஜனங்களுக்குப் பிரயோஜனம்” என்றார்.

மூன்றாவது என் பெண்டாட்டி கன்னியம்மா. அவள் கேட்டது பாதி. பரதேசி வந்த இடத்தில் “சோறு கொழஞ்சுடும்” என்று எழுந்து போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“அந்தப் பொம்பளைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? கூடப் படுத்து எழுந்த புருஷன், ஒரு தாடி வெச்சுட்டு வந்தா தெரியாதா?”

“இது கதை. உனக்குப் புரியாது” என்றேன்.

“எனக்குப் புரியுது. அவளுக்குத்தான் புரியல.”

அதைக் குத்தல் கணக்கில் சேர்த்து, விட்டுவிட்டேன். மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எவருடைய மனசையும் நோகடிக்க எனக்குப் பயம். பாட்டைக் குறைத்தேன். பிரசங்கம் வைத்தேன். கத்திச் சண்டை வைத்தேன். புலியை வைத்தேன். பரதேசி கிணற்றடியில் புலியோடு சண்டை போட்டுக்கொண்டே நல்லொழுக்கத்தைப் பற்றிப் பேசினான்.

கரீம் பாயிடம் படித்தேன்.

“முனி, புலிய நெனச்சாத்தான்பா பாவமா இருக்குது” என்றார்.

துண்டுக்குள்ளே

நாயுடு திரும்புவதற்குச் சில நாட்களே இருந்தபோது, கரீம் பாய் ஒரு வியாபாரம் முடிப்பதைப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான்.

எங்கள் பக்கம் பச்சைத் தோல் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் ஊருக்காகப் பேசிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு வாணியம்பாடி வியாபாரி ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். “இன்னா பாய் இது, தோலா? சல்லடை! மாடு செத்துப் பத்து நாள் கழிச்சு உரிச்சீங்களா? எனக்கு இது வாணாம். வண்டியக் கட்டுறேன்!”

துண்டுக்குள்ளே விரல் மட்டும் ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். பாயின் மீசை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனதில் தெரிந்தது. துண்டை எடுத்தபோது வியாபாரம் முடிந்திருந்தது. சல்லடையை அவரே சந்தோஷமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

என் கதையைக் கேட்டவர்கள் வாயால் சொன்னதை மட்டுமே நான் கேட்டிருந்தேன். துண்டுக்குள் அவர்கள் விரல் என்ன சொல்லிற்று?

கவலைக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. படிக்கிறபோது கண் பாதி காகிதத்தில், பாதி எதிராளியின்மேல் இருக்கும். எழுந்து போய்விடுவானோ, கொட்டாவி விடுவானோ, சிரிப்பானோ என்று. அதனால் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கரீம் பாய் பீடியைப் பற்ற வைத்தது, பரதேசி வாசலில் வந்து நின்றபோது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றியது அப்போதுதான். கன்னியம்மாவுக்குச் சோறு குழைந்தது அப்போதுதான். நாயுடு எழுந்து ஜன்னலுக்குப் போய்த் துப்பினாரே, அதுவும் பரதேசி வந்து நின்ற அதே இடம்.

மருந்து ஆளுக்கொன்று. வலி ஒரே இடத்தில்.

தோலில் மேலே ஒரு கறை தெரியும். கறையைச் சுரண்டினால் தோல்தான் ஓட்டையாகும். திருப்பிப் பார்க்க வேண்டும். நான் இத்தனை நாளும் என் கதையைச் சுரண்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பரதேசி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் யாரிடமும் பயமே இல்லை. அவன் யாரென்று கொட்டகைக்கே தெரியும். அவள் பத்தினி என்பதும் தெரியும். பின்னே எதற்கு ஆறு பாட்டு? அந்த இடத்தில் நாயுடு கேட்டது புலியை இல்லை, கொஞ்சம் பயத்தை. இப்படித்தான் நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அப்போது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அர்த்தம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் பயத்தை எப்படிக் கொண்டுவருவது? கன்னியம்மா சொன்ன குத்தல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் கரீம் பாயிடம் சொன்னேன்.

“சும்மா சொல்லுது தங்கச்சி. நல்ல தாடியா ஒட்டினா பெத்த தாய்க்கே தெரியாது” என்றார் பாய்.

“அவ தெரியும்னு சொல்றாளே?”

பாயின் கண்ணில் ஒரு மின்னல். எனக்கு உடனே வயிற்றில் ஒரு வலி.

“நாடகப் பெட்டியில தாடி இருக்குதில்ல?” என்றார்.

இமயமலையிலிருந்து வந்தவர்

அன்று சாயங்காலம், வெயில் இறங்கும் நேரம். தாடி, ஜடாமுடி, காவி வேட்டி, நெற்றி நிறைய விபூதி. எங்கள் வீட்டுச் சந்தில் இரண்டு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்தன. நாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்று கரீம் பாய்க்குப் பரம சந்தோஷம். அவர் கொல்லைவரை நீளும் பக்கத்து வீட்டுக் குட்டிச் சுவருக்குப் பின்னால், பீடியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டார்.

“பிட்சை போடு, தாயே!” என்றேன். அடித்தொண்டையிலிருந்து.

கன்னியம்மா முறத்தோடு வெளியே வந்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“எந்த ஊரு சாமி?”

“இமயமலை.”

“அம்மாடி! நடந்தேவா வந்தீங்க?”

“நடந்தே வந்தோம், தாயே.”

“கால்ல புழுதிகூட இல்ல. பெரிய சாமிதான். உள்ள வாங்க.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் லேசாகத் தலையை ஆட்டினேன்.

“சோறு இன்னும் வேகல சாமி. அதுவரைக்கும் கொல்லைல அந்தக் கட்டையக் கொஞ்சம் பொளந்து போடுறீங்களா? எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு, நாளைக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காரு.”

பரதேசி மறுத்தால் சந்தேகம் வரும். கோடாலியை எடுத்தேன். புளியங்கட்டை. காலத்துக்கும் மறக்கமாட்டேன்.

“தண்ணி ரெண்டு குடம் சேந்தி ஊத்திடுங்க. புண்ணியமாப் போவும்.”

சேந்தினேன். தாடி நனைந்து கழுத்தில் அரித்தது. அவள் கிணற்றடியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“எங்க வூட்டுக்காரரு நல்லவருதான் சாமி. பயம்தான் ஜாஸ்தி. மழ வந்தா கூரைக்குப் பயம். வரலன்னா கெணத்துக்குப் பயம். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப வெச்ச சுண்டல்ல ஒண்ணுகூட எடுக்கல. தொண்டைல மாட்டிக்குமாம்.”

“பயப்படுகிறவன் பாவம் செய்யமாட்டான், தாயே” என்றேன்.

“பாவத்த வுடுங்க. விறகே பொளக்கமாட்டாரு.”

சுவருக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது.

“இப்ப டாக்கிக்குக் கத எழுதுறாரு. வேலையும் போச்சு. ஊர்ல எவன் இன்னா சொன்னாலும் கேட்டுக்குவாரு. சண்டன்னா சண்ட, புலின்னா புலி. நான் ஒண்ணு சொன்னேன். அத மட்டும் காதுல வாங்கிக்கல.”

“என்ன சொன்னாய், தாயே?”

“அத அவரு வந்து கேக்கட்டும். பரதேசிக்கெல்லாம் சொல்ல முடியுமா?”

அவள் தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். திரும்பவும் அரிசியைப் பார்த்தாள்.

இவளுக்குத் தெரியுமா? தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? தெரியாதென்றால் அன்னியன் ஒருவனிடம் இவ்வளவும் சொல்கிறாளே? தாடியைக் கழற்றிவிடலாமா? கழற்றினால் என்ன செய்வாள்? கோடாலி வேறு அவள் பக்கத்தில் இருக்கிறது.

இன்ஸ்பெக்டருக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

சுவர்ப் பக்கம் பார்த்தேன். கரீம் பாயின் தலை முழுசாக வெளியே வந்துவிட்டிருந்தது. வாய் பிளந்திருந்தது. பீடி கீழுதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பற்ற வைக்கவே இல்லை.

இனிமேல் தாங்காது என்று எழுந்தேன். “நாங்கள் வருகிறோம், தாயே.” வெளியே வந்து, வழக்கம்போல் கொல்லைக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

“தாடிய வெளியவே உதறிட்டு வாங்க. எறும்பு இருக்கும். சோறு ஆறுது” என்றாள் கன்னியம்மா.

“எப்பத் தெரிஞ்சுது?”

“‘தாயே’ன்னீங்களே, அதுக்கு முன்னாடியே. மூக்கு இருக்குதில்ல எனக்கு? நகத்தப் பாருங்க, ஆவாரம்பட்டக் கற. இமயமலைல எவன் தோல் மண்டி வெச்சிருக்கான்?”

நகத்தைப் பார்த்தேன். விபூதி பூசினோம், ஜடை வைத்தோம். நகம் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவேயில்லை. எங்கள் ஊரில் எல்லா நகமும் அந்த நிறம்தான்.

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“கட்டைய யாரு பொளக்கறது?”

அவள் இலை போட்டாள். சுவருக்கு அப்பால் பார்த்துக் குரல் கொடுத்தாள். “பாய் அண்ணா! நீங்களும் வந்து சாப்டுங்க. ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்திருக்கும்.”

ரயில்

சாப்பிட்டுக் கை கழுவினதும் எழுத உட்கார்ந்தேன். சண்டையை எடுத்தேன். பிரசங்கத்தை எடுத்தேன். புலியை மட்டும் ஒரு தடவை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்தேன். கேட்டவர் நாயுடு ஆயிற்றே!

புதுக் கதையில், பரதேசி வாசலில் வந்து நின்றதுமே பொன்மணி கண்டுகொள்கிறாள். காட்டிக்கொள்ளவில்லை. ‘என்னையா சோதிக்க வந்தாய்?’ என்று அவள் சோதிக்க ஆரம்பிக்கிறாள். விறகு, தண்ணீர், மாவாட்டல். புருஷன் கேட்கும்படி புருஷனைப் பற்றியே புகார். வெள்ளிக்கிழமை முறைமாமன் தாலியோடு வருகிறான். அதற்குள் இவன் தாடியைத் தானே கழற்ற வேண்டும், அவள் கேட்கமாட்டாள். கழற்றுவானா?

நாயுடு பெங்களூரிலிருந்து வந்து ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார். அடுத்த ரயிலில் மெட்ராஸ் போகவேண்டும். வெயிட்டிங் ரூமில் பெஞ்சில் உட்கார்ந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “படியும், சுருக்க” என்றார். கன்னியம்மா துணைக்கு வந்தவள், வாசலில் கரீம் பாயோடு நின்றாள்.

படித்தேன். மூன்றாம் பாகம் வந்தது. நான் காகிதத்தைப் பார்க்காமல் நாயுடுவின் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே படித்தேன். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

பரதேசி வந்தான். வெற்றிலை மடியவில்லை. விறகு பிளந்தான். வெற்றிலை கையிலேயே இருந்தது. சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாகி உதிர்ந்தது.

மணி அடித்தது. மெட்ராஸ் ரயில் வந்து நின்றது. போர்ட்டர் எட்டிப் பார்த்து, “சார், வண்டி!” என்றான்.

நான் நிறுத்தினேன்.

“ஏன்யா நிறுத்தினீர்?”

“வண்டி வந்துட்டுதுங்க.”

“அது தெனம் வருதுய்யா! வெள்ளிக்கெழம வந்துட்டுது, தாலியோட வாசல்ல நிக்கறான், இவன் தாடியக் கழட்டினானா இல்லையா?”

ரயில் கூவிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. நாயுடு தலையைத் திருப்பவில்லை. வாசலில் கரீம் பாய் தோளிலிருந்த துண்டை எடுத்து, தன் கைமேல் போட்டு எனக்குக் காட்டினார்.

முடிந்ததும் நாயுடு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கதை சுமார்தான்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆயுசில் ஒருவர் என்னைச் ‘சுமார்’ என்று சொல்லி நான் கவலைப்படாதது அந்த ஒரு தடவைதான்.

“அடுத்த வண்டியில மூட்டைய எடுத்துட்டு வாரும்” என்றார். பிறகு ஏதோ தொலைந்தாற்போல் அங்குமிங்கும் பார்த்தார். “ஆமா, புலி எங்கய்யா?”

புலியின் உட்பொருள்

ரயிலில் அவரிடம் என் வியாக்கியானத்தை விளக்கினேன். புலி என்றால் புலி இல்லை, அந்த இடத்தில் ஒரு பயம் வேண்டும் என்பதைத் தாங்கள் சூசகமாக உணர்த்தினீர்கள், அடியேன் புரிந்துகொண்டேன் என்றேன்.

நாயுடு என்னை விநோதமாகப் பார்த்தார்.

“என் மச்சான் சர்க்கஸ் வெச்சிருந்தான்யா. படுத்துப் போச்சு. புலி மட்டும் மிச்சம். தீனி போட்டு மாளல. ரெண்டு நாள் வாடகைக்கு விடலாம்னு பார்த்தேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, காட்பாடி வரைக்கும் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மெட்ராஸில் நான் பட்ட பாடு தனிக் கதை. படம் எப்படியோ வெளியாகி, சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஆம்பூர் டெண்ட் கொட்டகைக்கும் வந்தது. நானும் கன்னியம்மாவும் ஊருக்குப் போனோம். நடுவில் மூங்கில் தட்டி. ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம். பாதி மண்டி அங்கே இருந்தது. பேரணாம்பட்டுக்காரர் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

பரதேசி வாசலில் வந்து நின்றான். யாரும் பீடி பற்ற வைக்கவில்லை. பொன்மணி அவன் கையில் கோடாலியைக் கொடுத்ததும் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பிற்று பாருங்கள், தட்டியே ஆடிற்று.

அப்போது, கிணற்றுக்குப் பின்னாலிருந்து, ஒரு காரணமும் இல்லாமல், அந்தப் புலி வந்தது.

நான் எழுதவில்லை. சத்தியமாக நான் எழுதவில்லை. கழுத்தில் சங்கிலி தெரிந்தது. கிழட்டுப் புலி. காமிராவைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கிணற்றடியில் படுத்துக்கொண்டது. நான் இருட்டில் எல்லோருடைய கால்களையும் பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்புறம் நாலு பேர். அப்புறம் ஒரு வரிசையே சோடாவுக்குக் கிளம்பிற்று. கரீம் பாய் தீப்பெட்டியைத் தேடினார்.

புலி எழுந்திருக்கிற வழியாகக் காணோம். என் வயிற்றில் பழைய வலி தொடங்கியது. அப்போது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொட்டகை முழுக்கக் கேட்கிறாற்போல் கன்னியம்மாவின் குரல் வந்தது.

“சும்மாத்தானே படுத்துட்டிருக்குது? அதுகிட்டயும் ரெண்டு கட்டையப் பொளக்கச் சொல்லுங்க!”

எழுந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே திரும்ப வந்து உட்கார்ந்தார்கள்.